ஆறு நிமிட நடை

எண்பத்து நான்கு நாட்கள். நாளுக்கு ஓர் ஊசி, வாரத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஏழு குப்பி. புதன்கிழமை தோறும் ஆறு நிமிட நடை.

1997 ஜூன் பதினொன்றாம் தேதி தொடங்கி செப்டம்பர் மூன்றாம் தேதி முடிந்தது. நான் விலங்கியல் பட்டம் முடித்து கோயமுத்தூரில் அந்த மருத்துவமனையில் சேர்ந்து அப்போது நான்கு மாதம். கடிகாரம் பிடிப்பது என் வேலை. இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு சிவப்புப் பட்டைகளைத் தரையில் ஒட்டியிருந்தோம். நோயாளி ஒரு பட்டையிலிருந்து மறு பட்டைக்கு நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். ஆறு நிமிடம் ஆனதும் "நில்லுங்க" என்று சொல்வேன். அந்த ஒரு சொல்லைத்தான் அந்த நாட்களில் நான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதயம் பெருத்துத் தளர்ந்துபோனவர்கள் இருபது பேர். எல்லா மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. இனி ஒரு புது முயற்சி. குழந்தைகளை வளரவைக்கும் ஹார்மோனை ஊசியாகப் போட்டால் மெலிந்த இதயத் தசை தடிக்குமா, அதனால் அவர்கள் கூடுதல் தூரம் நடப்பார்களா என்று பார்ப்பது. பத்துப் பேருக்கு ஹார்மோன். பத்துப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். குப்பிகள் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அரக்கு வைத்த ஓர் உறை அலமாரியில் இருந்தது.

முதல் நாள் டாக்டர் விதிகளை வாசித்தார். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் உறையைப் பிரிப்பார்கள். நிஜ மருந்து பெற்று, ஐம்பது மீட்டராவது கூடுதலாக நடந்தவருக்கு இன்னும் ஒரு வருடம் மருந்து உண்டு. மற்றவர்களுக்கு நின்றுவிடும். மருந்து கைமாறினால் பெயர் நீக்கப்படும், அதோடு மருந்தும் போய்விடும்.

பதினேழாம் எண் சுப்பண்ணன். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. ஐம்பத்தாறு வயது. கூடவே மனைவி மாரியாத்தாள்.

"ஏனுங் டாக்டரு," என்று அந்த அம்மாள்தான் முதலில் கேட்டார். "வளத்தி ஊசின்னு சொல்றீங்களே, இவரு வளந்துபோட்டாருன்னா வேட்டி பத்தாதுங்களே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இருதயம் மட்டுந்தாம்மா."

"இருதயம் பெருத்துப்போச்சுன்னுதானுங் இங்க வந்தோம். அதையப் போயி இன்னும் வளத்தறீங்களா?"

"பெருத்தது பைம்மா. சதை மெலிஞ்சு கிடக்குது. சதைக்குத்தான் இது."

"சரிங். அந்த இன்னொரு குப்பியில என்னங் இருக்குது?"

"உப்புத்தண்ணி. ஒண்ணும் பண்ணாது."

மாரியாத்தாள் கணவரைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். "ஒரு வருசமா சோத்துல ஒரு கல்லு உப்புப் போடாதீங்கன்னு சொல்லிப்போட்டு, இப்ப உப்புத்தண்ணியவே ஊசி போடறீங்களா?"

வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்தவர் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவர்தான் பதினெட்டாம் எண், அப்துல் கையூம். உக்கடத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி இஸ்மத், முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் விதிகள் எழுதிய தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். என்னைப்போலவே கூச்சம் உள்ளவர் என்று நினைத்துக்கொண்டேன்.

சுப்பண்ணன் அன்று நடந்தது நூற்றுத் தொண்ணூற்றெட்டு மீட்டர். கையூம் இருநூற்று இருபத்தைந்து.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அந்த இரண்டு வீட்டாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் இரண்டு மஞ்சள் பைகள். பெட்டி வெயிலில் சூடாகாமல் இருக்க ஐஸ் போட்ட தூக்குப்போசி அவற்றுக்குள் இருக்கும். மேலே ஏதாவது தின்பதற்கு. பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி வருவதற்குள் சுப்பண்ணனுக்கு மூச்சு வாங்கிவிடும். அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் நடக்கவிடுவேன். அந்த அரை மணி நேரம் பேச்சு ஓடும், பைகள் திறந்து மூடும்.

"நம்மளுது ஹார்ட்டே இல்லீங் கவுண்டரே," என்பார் கையூம். "பழைய மூணு ஹெச்.பி. மோட்டாரு. காயில் கருகல. ஓடுது. ஆனா லோடு இழுக்க மாட்டீங்குது."

"என்றது ஃபுட்வால்வு லீக்குங் பாய்." சுப்பண்ணன் வேட்டியை ஒரு விரல் தூக்கி வீங்கிய பாதத்தைக் காட்டுவார். "ஏத்துன தண்ணி பூராவும் கீழயே எறங்கிப்போகுது. பாருங்."

"அதுக்கு வாசரு மாத்தோணும்."

"மாத்துங். உங்க பட்டறையிலயே மாத்திப்போடலாம். எத்தன நாளாவும்?"

"உங்களுக்கு அவசரம்னா ஒரு மாசம். இல்லீன்னா நாளைக்கே."

மாரியாத்தாள் அதட்டுவார். "ரண்டு பேரும் பேசிப் பேசி மூச்ச வீணாக்காதீங். கடியாரம் புடிக்கற அம்மணிக்கு நடந்து காட்டோணுமல்ல?"

நடக்கும்போது பேசக்கூடாது என்பது விதி. சுப்பண்ணனால் அது முடியவில்லை. எதிரில் யார் வந்தாலும் ஒதுங்கி நின்று, "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்பார். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வருபவரிடம், அதில் படுத்திருப்பவரிடம்கூட. நான் நொடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "நில்லுங்க" என்றதும் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்பார். நான் அளவு நாடாவோடு குனிந்து அளந்து முடிக்கும்வரை கால் விரலைக்கூட நகர்த்த மாட்டார். "சரியா நின்னனுங்களா அம்மணி?"

மேற்கே பார்த்த தாழ்வாரம் அது. ஆனி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக வந்து அதில் நுழையும். ஜன்னல் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொள்ளும். வெளிச்சம் தரையில் விழுந்து, மேகம் வந்து அணைந்து, மறுபடி விழும். அதன்மேல் மெலிந்த கால்கள் போகும், வரும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சில நேரம் அவர்கள் நடப்பதாகத் தோன்றாது. தாழ்வாரம்தான் அவர்களுக்குக் கீழே மெதுவாக நகர்வதுபோல இருக்கும். இருபது பேரும் ஒரே தூக்கத்துக்குள் நடந்துகொண்டிருப்பதுபோல.

நடை முடிந்ததும் காலிக் குப்பிகள் இருந்த பழைய பெட்டியை வாங்கிக்கொண்டு புதுப் பெட்டியைக் கொடுப்பேன். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் எண் ஒட்டியிருக்கும். பதினேழு, பதினெட்டு. காலிக் குப்பிகள் எப்போதும் ஏழு இருக்கும். ஒன்றுகூடக் குறைந்ததில்லை. பிறகு பெஞ்சில் பைகள் திறக்கும். மாரியாத்தாள் அரிசி மாவில் பிழிந்த சந்தகை கொண்டு வந்திருப்பார், இஸ்மத் பேரீச்சம்பழமோ ரொட்டியோ. இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கும், அந்தப் பையிலிருந்து இந்தப் பைக்கும் கைகள் போய்வரும். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். பிறர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று என் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள்.

நான்காவது வாரம் மாரியாத்தாள் என் மேசைக்கு வந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"கண்ணு, மாமன் நேத்துப் படுத்துத் தூங்குனாரு."

எனக்கு உடனே புரியவில்லை.

"ஒரு வருசமா செவுத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்குவாரு. படுத்தா மூச்சு முட்டிப்போகும். அவரு உக்காந்திருக்கையில நாம எப்புடிப் படுக்கறதுன்னு நானும் பக்கத்துல உக்காந்தே தூங்கிப் பழகிப்போட்டேன். நேத்து ஒத்தத் தலவாணியோட நீட்டிப் படுத்தாரு. எனக்குத்தான் படுத்தாத் தூக்கமே வரல. எந்துருச்சு உக்காந்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு வருடத்து மருந்து எதற்கானது என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஒரு மனிதர் படுத்துத் தூங்குவதற்கு.

ஆறாவது வாரம் நான் அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். மருந்தைச் சரியான குளிரில் வைத்திருக்கிறார்களா என்று எல்லா வீடுகளிலும் ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது. ஆடிச் சாரல். ஆனைமலையில் மாசாணியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்தோடு இறங்கி, அங்கிருந்து மினி பஸ்ஸில் போய், வாய்க்கால் ஓரமாக நடந்தேன். தென்னை மட்டைகள் ஈரத்தில் கறுத்துத் தொங்கின. மலை இருக்கும் இடத்தில் மேகம்தான் இருந்தது.

களத்தில் காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நட்டுவைத்த கூரான கம்பியில் தேங்காயைக் குத்தி, திருகி, மூன்று திருகலில் மட்டை கழன்று விழும். சுப்பண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மணி, வாங்க. மழையில நனஞ்சுபோட்டீங்களே." எழுந்திருக்கப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். "இந்தக் கம்பியில நாளொண்ணுக்கு ஆயிரம் காயி உரிச்சவனுங் நானு. இப்பக் காது மட்டும் உரிக்குது. காளிச்சாமி! அந்தக் காயி அழுகலு. கேக்குது பாரு. தனியாப் போடு."

உரித்துக்கொண்டிருந்தவர் காயை உலுக்கிப் பார்த்துத் தள்ளி வைத்தார். "உக்காந்த எடத்துலயே கண்ணு வச்சிருக்காரு," என்று முணுமுணுத்தார்.

மாரியாத்தாள் சேற்றில் நின்று தென்னைகளுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததை உடைத்தார். தண்ணீர் தயங்கி, பிறகு ஓடியது. மேலே தூறல், கீழே பாய்ச்சல். இந்தச் சாரல் மண்ணின் மேல்தோலைத்தான் நனைக்கும், வேருக்கு எட்டாது என்றார். மோட்டார் ரூம் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. அதில் பன்னிரண்டு அடித்தபோது அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஸ்விட்சை அணைத்தார். இன்னும் இரண்டு மரங்களின் பாத்தி காய்ந்துதான் இருந்தது.

"அந்த ரெண்டுக்கும் விடலீங்களா?" என்று கேட்டேன்.

"மொறை முடிஞ்சுதல்லோ. இனி தம்பிதுரை மொறை. எங்க பங்காளி. ஒரே கெணறு, ரண்டு தோட்டம். இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எங்குளுது, அதுக்கு மேல அவிகளுது. எங்க மாமனாரு காலத்துல இருந்தே இப்புடித்தான்." கால் சேற்றை வாய்க்காலில் கழுவினார். "ஒரு வருசம் மழையே இல்லாமப் போச்சு. கெணத்துல ஒரு தோட்டத்துக்குத்தான் தண்ணி. ஊர்ல எல்லாரும், ஆருக்காச்சும் ஒருத்தருக்குப் பூராவும் உடுங்க, ஒரு தோப்பாச்சும் பொழைக்கும்னாங்க. இவரு கேக்கல. மொறைய மாத்தாம உட்டாரு. ரண்டு தோப்புலயும் பாதி மரம் போச்சு. பாதி மரம் நின்னுது. அந்த மரந்தான் இதெல்லாம்."

நான் மரங்களைப் பார்த்தேன். மற்ற மரங்களைவிடக் கொஞ்சம் குட்டையாக, தடித்து இருந்தன.

சமையலறையில் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். இட்லி மாவுக்கும் கனகாம்பரப் பொட்டலத்துக்கும் நடுவில் பெட்டி சுத்தமாக இருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். நான்கு டிகிரி. எண் ஒட்டிய பக்கம் உள்ளே சுவரைப் பார்த்து இருந்தது.

"சரியா இருக்குதுங்களா கண்ணு?" மாரியாத்தாள் என் முதுகுக்குப் பின்னால் மிக அருகில் நின்றார்.

"சரியா இருக்குதுங்க."

ஒரு விரலால் அதைத் திருப்பியிருக்கலாம். படிவத்தில் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும் என்றுதான் இருந்தது. நான் பதினேழு என்று எழுதிவிட்டு ஃப்ரிட்ஜை மூடினேன்.

வாழை இலையில் அரிசிம்பருப்பு சாதம் போட்டார். அவர்கள் இருவருக்கும் உப்பில்லாதது. என் இலை ஓரத்தில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு வைத்தார். நெய் உருகி ஓடியது. சாதத்தில் பூண்டும் சீரகமும் மணத்தன.

"நீங்களும் உப்புப் போட்டுக்கலாமே," என்றேன்.

"அவரு பாத்துக்கிட்டு இருக்கையிலயா? அதெப்புடி எறங்கும்." பிறகு, சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டார். "அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா. எது தண்ணி, எது மருந்துன்னு உனக்கு நெசமாலுமே தெரியாதா?"

"தெரியாதுங்க. சத்தியமா."

"தெரிஞ்சா ஆருக்குச் சொல்லுவ?"

நான் இலையோரத்து உப்பைச் சாதத்தில் கலந்தேன். சுப்பண்ணன் அந்தப் பக்கமிருந்து, "புள்ளையச் சோறு திங்க உடு மாரி," என்றார்.

திரும்பும்போது பஸ் வரைக்கும் மாரியாத்தாள் குடை பிடித்து வந்தார். பையில் நான்கு தேங்காய் போட்டுக் கொடுத்தார். இரண்டு எனக்கு, இரண்டு இஸ்மத்துக்கு.

எட்டாவது வாரம் எல்லாருடைய நடையையும் கட்டம் போட்ட தாளில் கோடாக வரைந்தேன். பதினேழின் கோடு ஏறிய வாரத்தில் பதினெட்டின் கோடு தேங்கியது. அடுத்த வாரம் பதினெட்டு ஏறியது, பதினேழு நின்றது. இரண்டு கோடுகளும் படி படியாக, ஒன்றுக்கொன்று வழி விட்டு மேலே போயின. ஒரே ஏணியில் இரண்டு பேர் ஏறுவதுபோல. டாக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஒரு வாரம் மழை, ஒரு வாரம் பஸ் லேட்டு. சின்னச் சின்ன வித்தியாசம்மா. கடைசிக் கணக்குத்தான் முக்கியம்" என்றார். நான் தலையாட்டினேன். தாளை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் மூன்றாம் தேதி காற்று நின்றிருந்தது. தாழ்வாரத்தில் ஜன்னல்கள் அசையாமல் இருந்தன. கையூம் முதலில் நடந்தார். இருநூற்று எழுபத்தொன்பது. ஐம்பத்து நான்கு மீட்டர் கூடுதல். பிறகு சுப்பண்ணன். அன்று எதிரில் யாரும் வரவில்லை, அவரும் யாரையும் விசாரிக்கவில்லை. இருநூற்று அறுபத்து நான்கு. அறுபத்தாறு மீட்டர் கூடுதல். இருபது பேரில் ஐம்பது மீட்டருக்கு மேல் ஏறியவர்கள் நான்கு பேர்தான்.

"சரியா நின்னனுங்களா அம்மணி?"

"சரியா நின்னீங்க."

உறை பிரித்தார்கள். அந்த இரண்டு வீட்டாரையும் மாலையில் டாக்டர் தன் அறைக்கு ஒன்றாகக் கூப்பிட்டார். நான் சுவரோரமாக நின்றேன்.

"பதினெட்டு, ஹார்மோன்," என்றார். "பாய், உங்களுக்கு இன்னும் ஒரு வருசம் மருந்து உண்டு."

கையூம் சுப்பண்ணனைப் பார்த்தார்.

டாக்டர் சுப்பண்ணனைப் பார்த்துப் புன்னகைத்தார். அதில் வியப்பு இருந்தது. "உங்களுது உப்புத்தண்ணிங்க. நெசமாலுமே ஆச்சரியம். ஒண்ணுமே இல்லாம அறுபத்தாறு மீட்டர் ஏத்தியிருக்கீங்க. மனசு தைரியம் எவ்வளவு செய்யும்னு நான் இதை எழுதப்போறேன். இந்த ஊசி உங்களுக்கு இனித் தேவையில்லை. இதே தைரியத்தோட இருங்க."

"சரிங்," என்றார் சுப்பண்ணன். இரண்டு கைகளையும் கூப்பினார். "நெம்பச் சந்தோசமுங். இவ்வளவு நாளுப் பாத்துக்கிட்டீங்க."

மாரியாத்தாள் கணவரின் தோளிலிருந்த துண்டைச் சரி செய்தார். சரியாக இருந்த துண்டை மறுபடியும் சரி செய்தார். கண் மட்டும் என்னிடம் வந்து போனது. சொல்லிவிடாதே என்று கேட்டதா, சொல்லேன் என்று கேட்டதா, எனக்குத் தெரியவில்லை. இழுப்பறையில் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. ஃப்ரிட்ஜுக்குள் சுவரைப் பார்த்திருந்த பெட்டியும்.

வெளியே பெஞ்சில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கையூமுக்கான புதுப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினேன். இஸ்மத் வாங்கினார். பைக்குள் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு எண்ணை விரலால் தடவினார்.

"பையில வையி இஸ்மத்து," என்றார் மாரியாத்தாள். "சூடாயிப்போகும்."

"கவுண்டரே," என்று ஆரம்பித்தார் கையூம்.

"சும்மா இருங் பாய்." சுப்பண்ணன் சிரிக்கப் பார்த்தார். "மோட்டாரு இப்பத்தான் லோடு இழுக்குது. பேசி ஃபியூசப் போக்கிக்காதீங். நாங்க பொள்ளாச்சி பஸ்ஸப் புடிக்கோணும். பொழுதோட போனாத்தான் தண்ணி மொறைக்கு ஆவும்."

"இனி வாரத்துக்கு ஒருக்கா உங்களப் பாக்க முடியாதா?"

"ஏன் முடியாது. தேங்கா கொண்டாந்து குடுக்கறமுங். நீங்க வாசரு மாத்திக் குடுங்."

மாரியாத்தாள் பையைத் திறந்து, காலையில் செய்த சந்தகையை எடுத்து இஸ்மத்தின் பையில் வைத்தார். இஸ்மத்தின் பையிலிருந்து எதையும் எடுக்காமல் தன் பையின் வாயை முடிச்சுப் போட்டார். பன்னிரண்டு வாரமாக நான் பார்த்த கைகள் அன்று ஒரு பக்கம் மட்டும் போய் வந்தன.

இஸ்மத் எழுந்தார். பெட்டி கையில் இருந்தது. தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக டாக்டர் அறையைப் பார்த்து நடந்தார்.

"இஸ்மத்து!" மாரியாத்தாள் பின்னால் ஓடினார். "வேண்டாம் புள்ள. கேளு. பாய் பேரையும் அடிச்சுப்போடுவாங்க. ரண்டு ஊட்டுக்கும் இல்லாமப் போயிரும். நாங்க சமாளிச்சுக்கறோம். உக்காந்து தூங்கறது எங்குளுக்குப் புதுசா? சொன்னாக் கேளு."

இஸ்மத் நிற்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. நானும் உள்ளே போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. போகும் வழியில் என் மேசை இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்திருந்தேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா? பெட்டியில ஏதாவது குறையா?"

இஸ்மத் பெட்டியை மேசைமேல் வைத்தார். நான் தாளை அதன் பக்கத்தில் விரித்தேன். மாரியாத்தாள் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாழ்வாரத்தில் இரண்டு ஆண்களும் மெதுவாக எழுந்து வருவது, அந்தச் சிவப்புப் பட்டைகளைத் தாண்டி வருவது, கேட்டது.

முதல் நாளிலிருந்து இஸ்மத்தின் குரலை நான் சரியாகக் கேட்டதில்லை. சின்னக் குரல். ஆனால் அறை முழுவதும் கேட்டது.

"ஒரு வாரம் எங்க பெட்டி அவிக ஊட்டுக்கும் அவிக பெட்டி எங்க ஊட்டுக்கும் போச்சுங். மறு வாரம் அவுங்கவுங்க பெட்டி அவுங்கவுங்க ஊட்டுக்கே வந்துச்சுங். பன்னெண்டு வாரமும் மொறை வச்சுத்தானுங் போட்டோம். அவரு நடந்தது தண்ணியில இல்லீங் டாக்டரு. எங்க ஊட்டுக்காரரும் அவரும் ஒரே மருந்துல ஆளுக்குப் பாதி நடந்தாங்க."